வருஷத்துக்கு ஒரு நாள் மண்டபத்தில் உட்கார வைப்பது பயிற்சியா? குப்பை ஷெட்டில் வேலை செய்பவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தென்பெண்ணைக்கரை (ஞாயிறு, இரவு 9:40)

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில், குப்பையைத் தரம் பிரிக்கும் ஷெட்டில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், நான் எழுதுவதால் ஷெட்டில் இருக்கும் யாருக்கும் சங்கடம் வரக்கூடாது.

போன செவ்வாய்க்கிழமை காலை எங்களோடு வேலை செய்யும் ஒரு அம்மாவுக்குக் கையில் ஊசி குத்திவிட்டது. சர்க்கரைக்குப் போடும் இன்சுலின் ஊசி, மூடி இல்லாமல், கறுப்பு கேரி பேக்கில் டயப்பரோடு சேர்ந்து வந்திருக்கிறது. சாக்கில் இடத்தை அடைக்கும் என்று பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம், அப்படி அமுக்கும்போது நடுவிரலில் ஏறிவிட்டது. முந்தானையில் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது பதினொரு மணிக்கு டீ குடிக்கும்போதுதான், அதுவும் பக்கத்தில் இருந்தவர் சொல்லி. ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டால் "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு, இதுக்குப் போயி வேலைய நிறுத்தறதா" என்கிறார்.

கிளவுஸ் எங்கே என்று கேட்டேன். கூடையிலிருந்து எடுத்துக் காட்டினார், கவர்கூடப் பிரிக்கவில்லை. போட்டுக் காட்டுங்கள் என்றேன். அவருக்குச் சின்னக் கை. ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு அங்குலம் ரப்பர் காலியாகத் தொங்குகிறது. அந்தத் தொங்கல் சாக்கு கட்டும் சணலில் போய் மாட்டுகிறது, ஒட்டிக்கொண்ட பால் கவர் இரண்டைப் பிரிக்கச் சொன்னால் பிரிக்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் உள்ளே வேர்த்து வழுக்குகிறது. எங்கள் ஷெட்டில் பதினான்கு பேரில் பதினொரு பேர் பெண்கள், வந்த கிளவுஸ் மொத்தமும் பெரிய சைஸ்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் என்னவென்றால், இது நடப்பதற்கு மூன்று வாரம் முன்னால்தான் எங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. ஒரு மண்டபம், நூறு பேருக்கு மேல், திரையில் படம், ஆளுக்கு ஒரு பை, சாப்பாடு, கையெழுத்து, குரூப் போட்டோ. நானும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஊசி குத்தினால் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அது என் தவறு.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். தினமும் காலை மஸ்டர் (வருகைப் பதிவு) போடும்போது பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம், அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போகிறோம். எதையெல்லாம் பேச வேண்டும்? உங்கள் கைக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

வத்தல்மலை (ஞாயிறு, இரவு 10:15)

முதலில் ஒன்று, அந்த அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனீர்களா? நான் தர்மபுரிப் பக்கம் அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இதைப் படித்ததும் மற்றது எதுவும் கண்ணில் படவில்லை.

தென்பெண்ணைக்கரை (ஞாயிறு, இரவு 10:22)

அன்றே பதினொன்றரைக்குக் கூட்டிப் போய்விட்டேன் சிஸ்டர். ரத்தம் எடுத்தார்கள், மஞ்சள் காமாலைத் (ஹெபடைட்டிஸ் பி) தடுப்பூசி முதல் டோஸும் டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாததால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்பதை டாக்டர் விசாரித்துத்தான் முடிவு செய்தார். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று திரும்ப ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வத்தல்மலை (ஞாயிறு, இரவு 11:05)

நல்லது செய்தீர்கள். அப்படியானால் உங்கள் முதல் நாள் பத்து நிமிடம் இதுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

குத்திய உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கி ரத்தத்தை வெளியே எடுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. சுண்ணாம்பு, மஞ்சள், மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். இது எல்லாவற்றையும் நம் ஊர்க்காரர்கள் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணில் ஏதாவது தெறித்தால் வெறும் தண்ணீரால் நிறையக் கழுவ வேண்டும். அப்புறம் நேராக மருத்துவமனை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் சிறந்தது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை, தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நீங்கள் அழைத்துப் போனது சரி. ஆனால் காலையில் குத்தியதைப் பதினொரு மணிக்குச் சொல்வது இனி நடக்கக் கூடாது.

எச்.ஐ.வி. என்றதும் எல்லோரும் பயந்துபோவார்கள், அதனால் கணக்கையும் சொல்லிவிடுங்கள். நோய் உள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி என்றால் நூறில் இரண்டு அளவில். ஆனால் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதே, தடுப்பூசி போடாதவருக்கு நூறில் முப்பது வரை போகலாம். நாம் அதிகம் பயப்பட வேண்டியதற்குத்தான் தடுப்பூசி இருக்கிறது. முதல் நாள், ஒரு மாதம், ஆறாவது மாதம், மொத்தம் மூன்று ஊசி. ஷெட்டில் மற்ற பதிமூன்று பேரும் போட்டிருக்கிறார்களா? இந்த வேலையில் சேரும் அன்றே முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் போட்டார்கள். எங்கள் குப்பையைத் தொடுகிறவருக்கு ஏன் போடவில்லை என்று அந்த முப்பது வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, இப்போது உறுத்துகிறது.

தொப்பூர்_டிரைவர் (திங்கள், காலை 6:50)

நான் குப்பை லாரி ஓட்டுகிறேன், தர்மபுரி பக்கம், ஒன்பது வருஷம் ஆகிறது. மேடம் எழுதியதைப் படித்ததும் மண்டபத்தில் எங்களுக்கும் அதே பை கொடுத்தது நினைவுக்கு வந்தது, ஆனால் லாரியைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை வரவில்லை, எங்கள் ஆட்களுக்குப் பெரிய அடி படுவது லாரியில்தான். பின்னால் படியில் ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவது, லோடு மேல் தார்ப்பாயில் உட்கார்ந்து வருவது, மழை நாளில் அந்தப் படி எண்ணெய் ஊற்றிய மாதிரி இருக்கும், ஒரு ஸ்பீட் பிரேக்கர் போதும். என் வண்டியில் இனி யாரும் தொங்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன், கேபினில் இடம் இல்லையென்றால் இரண்டு நடை போகலாம், அதனால் டீசல் கணக்கு கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்தது ரிவர்ஸ். பின்னால் நான்கு பேர் நின்று நான்கு பேரும் "வா வா" என்றால் யார் குரலைக் கேட்பது? பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் "ரைட்" சொன்னால்தான் வண்டி நகரும், "ஹோல்டான்" என்றால் அதே இடத்தில் நிற்கும். இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும். ரைட் சொல்ல ஒரே ஆள், அவர் என் வலது பக்கக் கண்ணாடியில் தெரிய வேண்டும், கண்ணாடியில் அவர் மறைந்தால் நான் பிரேக் மிதித்துவிடுவேன், அவர் எங்கே போனார் என்று யோசிப்பது அதற்கப்புறம்.

குப்பையை அமுக்கி ஏற்றும் காம்பாக்டர் வண்டி என்றால் பிளேடு இறங்கும்போது உள்ளே சிக்கிய சாக்கைக் கையால் இழுப்பதுதான் எமன். கொக்கிக் கம்பி வைத்துக்கொள்ளுங்கள், வண்டியை ஆஃப் செய்யச் சொல்லிவிட்டு இழுங்கள்.

மாந்தோப்பு (திங்கள், காலை 9:30)

நான் இந்த வேலையில் இல்லை, பர்கூரில் குடியிருக்கும் சாதாரண ஆள், வீட்டில் அப்பாவுக்கு இன்சுலின் போடுகிறோம். படித்துவிட்டு நேராகக் குப்பைத் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஊசியும் அப்படித்தான் கிடக்கிறது. வெட்கமாக இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் அக்கா. ஒன்று மட்டும் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

தென்பெண்ணைக்கரை (திங்கள், மதியம் 1:10)

கேட்டதில் தவறே இல்லை. எங்கள் வண்டியிலும் அது நடக்கிறது, மறைக்க மாட்டேன். தடுப்பு வைத்த வண்டி பழுதாகி நிற்கும், மாற்று வண்டியில் ஒரே பெட்டிதான் இருக்கும். ஆனால் ஊசி விஷயம் வேறு தம்பி. ஒன்றாகக் கொட்டினாலும் ஊசி கெட்டியான பாட்டிலுக்குள் இருந்தால் யாருக்கும் குத்தாது. ஷாம்பு பாட்டில், ஹார்லிக்ஸ் பிளாஸ்டிக் டப்பா ஏதாவது எடுத்து ஊசிகளை அதில் போட்டு வாருங்கள், முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கித் திருகி, டேப் சுற்றி, மேலே "ஊசி" என்று எழுதி எங்கள் ஆள் கையில் கொடுங்கள், பைக்குள் போட்டுவிடாதீர்கள். உடைந்த கண்ணாடி டம்ளர், பல்பு, சவர பிளேடு எல்லாம் செய்தித்தாளில் கனமாகச் சுற்றி, மேலே எழுதித் தனியாக. நாப்கின், டயப்பர் இரண்டையும் தாளில் சுற்றி ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால் போதும், பிரித்துப் பார்க்காமல் ஒதுக்கிவிடுவோம். சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. இந்தச் சிவப்புப் புள்ளியை நாடு முழுக்கப் பேச வைத்தது புனேயில் குப்பை பொறுக்குகிற பெண்களே சேர்ந்து நடத்தும் ஸ்வச் கூட்டுறவு.

சிப்காட்_ஃபிட்டர் (திங்கள், இரவு 8:45)

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு. நண்பர் ஒருவரின் ஷெட்டில் பேலிங் மெஷின் (அட்டையை அமுக்கிக் கட்டாக்குவது) ரிப்பேர் என்று கூப்பிட்டதால் போய்ப் பார்த்து வந்தவன், அங்கே பார்த்ததில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அட்டை சிக்கினால் பட்டனை ஆஃப் செய்துவிட்டு கையை முழங்கை வரை உள்ளே விடுகிறார்கள். பட்டன் சுவரில் இருக்கிறது, மெஷினுக்கு மறுபக்கம் ஆள் உள்ளே கை விட்டிருப்பது பட்டனுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. யாராவது வந்து "ஏன் நிக்குது" என்று அழுத்தினால் முடிந்தது.

எங்கள் கம்பெனியில் இதற்கு உள்ள முறை ரொம்ப எளிது, செலவு ஒரு பூட்டு. முதலில் லீவரைத் திருப்பி, அமுக்கும் தட்டைப் பின்னுக்கு எடுத்து ஹைட்ராலிக் அழுத்தத்தை இறக்க வேண்டும், ஏனென்றால் கரண்ட் நின்ற பிறகும் எண்ணெயில் அழுத்தம் நிற்கும். அப்புறம் மெயினை இறக்கி அந்தப் பெட்டியில் பூட்டுப் போட வேண்டும். சாவி, கையை உள்ளே விடப்போகிறவரின் இடுப்பில் இருக்க வேண்டும். மேஸ்திரியிடமோ ஓனரிடமோ சாவி போகக் கூடாது. இரண்டு பேர் கை விடுகிறார்கள் என்றால் இரண்டு பூட்டு, கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும் வரை மெஷின் உயிர் பெறாது. பூட்டிய பிறகு ஒருமுறை ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே உள்ளே கை.

இன்னொன்று, கிளவுஸ் எல்லா இடத்திலும் நல்லது என்று சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். சுற்றுகிற ரோலர், துண்டு துண்டாக நறுக்கும் ஷ்ரெட்டர், கன்வேயர் பெல்ட்டின் முனை, இவற்றுக்குப் பக்கத்தில் தொளதொள கிளவுஸ் போட்டிருந்தால் நுனி மாட்டி கையையே இழுத்துக்கொண்டு போகும். முந்தானை, துப்பட்டா, பின்னல், கழுத்தில் போட்ட துண்டு எல்லாம் அதே கதை. சேலைக்கு மேல் பட்டன் போட்ட கோட்டு, முடி கொண்டைக்குள், அப்புறம் முக்கியமாக அந்த ரோலருக்கு ஒரு தகரத் தடுப்பு. தடுப்பு இல்லாத மெஷினை ஓட்ட மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை வேண்டும்.

இரும்புத்தராசு (செவ்வாய், இரவு 10:30)

ஓசூர் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. எல்லோரும் நல்லதாகச் சொல்கிறீர்கள், ஆனால் எங்கள் நிலைமையையும் கொஞ்சம் கேளுங்கள். என்னிடம் ஆறு பேர், பிரிக்கிற எடைக்குத்தான் கூலி. மெயினை இறக்கு, பூட்டைப் போடு, கிளவுஸ் மாட்டு என்றால் அவர்களே கேட்க மாட்டார்கள், நேரம் போனால் அவர்கள் காசு போகிறது. நான் கிளவுஸ் வாங்கி வைத்தேன், அப்படியே கிடக்கிறது.

ஆனால் டிரம் விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. எட்டு வருஷம் முன்னால் என் கண் எதிரில் நடந்தது. பெயின்ட் தின்னர் வந்த டிரம், கவிழ்த்துப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை, பையன் கேஸ் கட்டரை வைத்தான். மூடி பறந்து போய்த் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது, பையன் சற்றுத் தள்ளிக் குனிந்திருந்ததால் புருவமும் கையும் வெந்ததோடு பிழைத்தான். நிறைந்த டிரம்மை விடக் காலி டிரம்தான் ஆபத்து, உள்ளே ஆவி நிற்கிறது. அன்றைக்கு நான் அவனைத் தடுத்திருக்க வேண்டும். அதிலிருந்து என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மை வெட்டுவது கிடையாது, விலை குறைத்தாவது முழுசாகவே அனுப்பிவிடுவேன்.

அதே மாதிரி ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி, பூ போடுகிற ஊர்களில் இருந்து மருந்து பாட்டில் மூட்டை மூட்டையாக வரும். மூடியை வாயால் கடித்துத் திறக்கிற ஆள்கூட உண்டு. நான் இப்போது கழுவாத பாட்டிலை எடுப்பதில்லை, காட்டிலேயே மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை மருந்து டேங்கிலேயே ஊற்றிவிட்டு, பாட்டிலில் ஓட்டை போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். இன்வெர்ட்டர் பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பதும் என் கடையில் இல்லை, அதற்கென்று லைசென்ஸ் உள்ள இடத்துக்கு முழு பேட்டரியாகவே போகும். ஈயத்தூள் துணியில் ஒட்டி வீட்டுக்குப் போய்க் குழந்தைகளை அடிக்கும் என்று ஒரு டாக்டர் சொன்ன பிறகு எனக்கு மனசு வரவில்லை. ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதும் நிறுத்தியாச்சு, அந்தப் புகை சாதாரணப் புகை இல்லை.

தெரியாத இரும்பைத் தொடுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 2010ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் ஒரு பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியைப் பிரித்தார்கள், உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். ஒரு தொழிலாளி இறந்துபோனார், இன்னும் சிலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மஞ்சள் பின்னணியில் மூன்று இறக்கை மாதிரி ஒரு குறி இருக்கும், அதைப் பார்த்தால் தொடாதே, தள்ளிப் போ, போலீஸுக்குச் சொல். என் கடைச் சுவரில் அந்தக் குறியைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறேன்.

சிப்காட்_ஃபிட்டர் (செவ்வாய், இரவு 11:10)

அண்ணா, டிரம்மில் உங்கள் கண்டிப்பைப் பார்த்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் கிளவுஸில் மட்டும் "அவர்களே கேட்க மாட்டார்கள்" என்று விட்டுவிட்டீர்களே. எடைக்குக் கூலி என்று வைத்தது அவர்கள் இல்லையே. பூட்டுப் போடும் ஐந்து நிமிடத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் கொடுத்துவிட்டால் அவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

இரும்புத்தராசு (புதன், காலை 7:20)

ராத்திரி யோசித்தேன் தம்பி. நீ சொல்வது சரிதான். இந்த வாரத்தில் இருந்து நாள் கூலி ஒரு அடிப்படை வைத்து, எடைக்கு மேல்பணம் என்று மாற்றிப் பார்க்கிறேன். கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுவிட்டுச் சொல்கிறேன்.

ஆனால் இன்னொரு விஷயத்தையும் பயிற்சி கொடுக்கிறவர்கள் யோசிக்கவே இல்லை. மொழி. என்னிடம் இருக்கும் ஆறு பேரில் இரண்டு பேர் பீகார், இரண்டு பேர் வீட்டில் தெலுங்கு, ஒருவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம், கன்னடம். தமிழில் பேசினால் தலையாட்டுவார்கள், "அழுத்தம்", "கதிரியக்கம்" என்றால் என்ன புரியும்? நான் டிரம்மைக் காட்டி, வெந்துபோன அந்தப் பையனின் கையைக் காட்டித்தான் புரிய வைக்கிறேன், அவன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறான்.

பாலக்கோடு_பெண் (புதன், இரவு 9:00)

என் அம்மா ஒரு கிராம ஊராட்சியில் தூய்மைக் காவலர். நான் கல்லூரியில் படிக்கிறேன், அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஊசி, மெஷின், டிரம் எல்லாம் படித்தேன். அம்மாவுக்கு அதெல்லாம் இல்லை, அம்மாவுக்குத் தோள். தள்ளுவண்டியின் கைப்பிடி அம்மாவின் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது, அதனால் கையை உயர்த்தியே மேட்டில் தள்ள வேண்டும், எங்கள் ஊர் முழுக்க மேடு. வலது தோளை இப்போது காதுக்கு மேல் தூக்க முடியவில்லை, தலை பின்னிக்கொள்ள என்னைக் கூப்பிடுகிறாள். ஒரு சக்கரத்தில் பேரிங் போய் ஒரு வருஷம், வண்டி இடது பக்கமே இழுக்கும். மூன்று முறை சொல்லியிருக்கிறாள்.

காலை ஐந்தரைக்குப் போனால் பதினொரு மணிக்கு வருகிறாள், நடுவில் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், பெண்களுக்குத் தெரியும். போக இடம் இல்லை. சித்திரை வெயிலிலும் குடிப்பதில்லை. இரண்டு முறை நீர்க்கடுப்புக்கு ஊசி போட்டு வந்தோம். பயிற்சியில் "நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்று ஒருவர் சொன்னாராம், அம்மா வந்து என்னிடம் சொன்னாள், "குடிச்சா எங்க போறதுன்னு அவங்க சொல்லல" என்று.

தென்பெண்ணைக்கரை (புதன், இரவு 9:25)

கண்ணு, உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நீ எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. எங்கள் ஷெட்டில் கழிவறை இருக்கிறது, தெருவுக்குப் போகிற பெண்களுக்கு அது இல்லை. அவர்கள் போகும் தெருக்களில் எந்தப் பள்ளி, எந்தக் கோயில், எந்த வீடு திறந்துவிடும் என்று நாளை கேட்டு எழுதப் போகிறேன்.

வத்தல்மலை (புதன், இரவு 9:50)

தோளுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் மட்டும் போதாது, அம்மாவை அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடமும் பிசியோதெரபியிலும் காட்டு மகளே. அப்படியே விட்டால் தோள் இறுகிவிடும். வண்டிக் கைப்பிடி இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்க வேண்டும், வெல்டிங் பட்டறையில் அரை மணி நேர வேலை.

மஸ்டர்_ரோல் (வியாழன், இரவு 8:00)

ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் எழுத்தில் இருப்பதைச் சொல்கிறேன். 2016 திடக்கழிவு விதிகளில் சீருடை, ஒளிரும் ஜாக்கெட், கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் எல்லாம் பெயர் சொல்லியே வந்தது. அவற்றைக் கொடுப்பதோடு தொழிலாளர்கள் பயன்படுத்துவதையும் உறுதி செய்ய வேண்டும் என்று அங்கேயே எழுதியிருந்தது. கைக்குப் பொருந்தாத கிளவுஸை எப்படிப் பயன்படுத்துவது? அதனால் சைஸ் கேட்பது சலுகை கேட்பது அல்ல. குப்பை சேகரிப்பவருக்கும் பொறுக்குபவருக்கும் பயிற்சி கொடுப்பதும் உள்ளாட்சியின் கடமை என்று இருந்தது. மையத்தில் விபத்து நடந்தால் அதை எழுத்தில் தெரிவிக்கத் தனிப் படிவமே அதில் இருந்தது.

அந்த அம்மாவுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். சம்பளம் 21,000க்குள் இருந்தால், அவரிடம் 0.75 சதவீதமும் ஒப்பந்தக்காரரிடம் 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், வேலையில் அடிபட்டால் இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கே கிடையாது, சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் சிகிச்சையும் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதமும் உண்டு. ஆனால் அது விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். "எறும்பு கடிச்ச மாதிரி" என்று விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து ரத்தத்தில் ஏதாவது வந்தால் எதைக் காட்டுவது? தேதி, நேரம், எந்த விரல், யார் பார்த்தது, நான்கு வரி போதும்.

ஈ.எஸ்.ஐ. இல்லாமல் தெருவில் பொறுக்குபவர்களுக்கு, கழிவுநீர்த் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024ல் இருந்து குப்பை பொறுக்குவோரையும் சேர்த்திருக்கிறார்கள். இங்கே தூய்மைப் பணியாளர் நல வாரியமும் இருக்கிறது, உறுப்பினர் அட்டை இல்லாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.

தொப்பூர்_டிரைவர் (வியாழன், இரவு 9:15)

ஒன்று விட்டுப்போச்சு. உரக்கிடங்கில் குப்பைத் தண்ணீர் இறங்குகிற தொட்டி இருந்தால் அதில் யாரையும் இறங்க விடாதீர்கள், மோட்டாரில் ஏதாவது அடைத்துக்கொண்டாலும் சரி. அழுகிய வாசம் வந்தால் வாயு இருக்கிறது என்று தெரியும் என்பார்கள், அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாசமே தெரியாது. முதல் ஆள் விழுந்ததும் காப்பாற்ற இரண்டாவது ஆள் குதிப்பார், நம் ஊர்க்காரர்கள் மனசு அப்படி, இரண்டு உயிரும் போகும். 101க்கும் 108க்கும் போன் செய்துவிட்டு வெளியே நிற்க வேண்டும், அது எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும்.

மஸ்டர்_ரோல் (வியாழன், இரவு 9:40)

கழிவுநீர்க் குழியில் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. அதற்கு முன்பு 10 லட்சம். யாரும் அந்தக் காசை வாங்கும் நிலை வரவே கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தென்பெண்ணைக்கரை (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:30)

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன், நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

முதல் இரண்டு நாள் நான்தான் பேசினேன், எல்லோரும் நின்று கேட்டார்கள், அவ்வளவுதான். மூன்றாவது நாள் ஊசி குத்திய அந்த அம்மா, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே முன்னால் வந்து ஒரு பையை எடுத்தார். கழுத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, உடம்பில் படாமல் கையை நீட்டித் தூக்கி, தார்ப்பாயில் கவிழ்த்துக் கொட்டி, கொக்கியால் கிளறிக் காட்டினார். "அமுக்காதீங்க, அணைக்காதீங்க, உள்ள கைய விடாதீங்க" என்றார். எந்தக் கிளவுஸும் ஊசியை முழுசாகத் தடுக்காது, அதனால் கிளவுஸ் போட்டாலும் பையை இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று எனக்கே அன்றுதான் புரிந்தது. அதிலிருந்து நான் பேசுவதை நிறுத்திவிட்டேன், தினமும் ஒருவர் பேசுகிறார்.

ஒரு நாள் உப்பிப்போன போன் பேட்டரி வந்தது. அதை எடுத்த பையன் யாரும் சொல்லாமலே அட்டைக் குவியலில் இருந்து தள்ளி, வெளியே வைத்திருக்கும் மணல் வாளியில் கொண்டுபோய்ப் போட்டான். அதற்கு முந்தின நாள்தான், பேலிங் மெஷினில் அது நசுங்கினால் தானாகவே தீப்பிடிக்கும், பாடி ஸ்ப்ரே டப்பா வெடிக்கும் என்று பேசியிருந்தோம். மெஷினுக்குப் பூட்டு வாங்கியாச்சு, ஃபிட்டர் தம்பிக்கு நன்றி, ரோலருக்குத் தகரத் தடுப்பும் அடித்துவிட்டோம். தரையில் உட்கார்ந்து பிரிப்பதை விட்டு, பழைய கதவு இரண்டை இடுப்பு உயரத்துக்குக் கல் அடுக்கி மேஜை மாதிரி போட்டிருக்கிறோம், முதுகு வலி என்று சொல்வது குறைந்திருக்கிறது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. சின்ன சைஸ் கிளவுஸுக்கு எழுதிக் கொடுத்து, மூன்று முறை கேட்ட பிறகு இருபது ஜோடி வந்தது, அது இரண்டு மாதத்துக்குக்கூடக் காணாது. மழைக்கோட்டு இன்னும் வரவில்லை. தெருவில் போகிறவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடமும் இரண்டு வீடும் கழிவறையைத் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள், தெற்குத் தெருப் பக்கம் யாரும் கிடைக்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் போய்ப் பேசி மற்ற பதிமூன்று பேருக்கும் முதல் ஊசி போட்டாச்சு. அந்த அம்மாவுக்கு இரண்டாவது ஊசியும் போட்டாச்சு. மூன்றாவதற்குள் இந்த வருஷக் காலண்டர் தீர்ந்துவிடும் என்பதால் ஷெட் சுவரில் பதினான்கு பெயரையும் தேதியையும் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை வண்டி ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறோம். டிரைவர் அண்ணா, உங்களால் வர முடியுமா? காலை 5:45க்கு மஸ்டர்.

தொப்பூர்_டிரைவர் (ஞாயிறு, இரவு 8:52)

வருகிறேன்ம்மா. அன்றைக்கு எனக்கு வார லீவுதான். உங்கள் வண்டியின் வலது கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே பார்த்து வையுங்கள், உடைந்திருந்தால் சொல்லுங்கள், என்னிடம் ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன்.